ஆறு வாரக் குளிர்

1845-இல் லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர், அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் குடிபெயரக் கிளம்பியவர்களுக்காக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். மாடு பூட்டிய வண்டியில் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நான்கிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். அந்தப் பயணத்துக்கு ஒருவர் குறைந்தது 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பேக்கன், 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காப்பி, 10 பவுண்டு உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் கணக்குச் சொல்கிறார். 150 பவுண்டு என்றால் 68 கிலோ. வண்டிகள் மிசௌரி ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ புறப்படும். பிறகு கோடை முழுக்க, மரநிழல்கூட அரிதான சமவெளியில் உருளும். அத்தனை நாளும் அந்தப் பன்றி இறைச்சி வண்டிக்குள் மூட்டையாகக் கிடக்கும். 1859-இல் ராண்டால்ஃப் மார்சி என்ற ராணுவ கேப்டன் இதே பாதையில் போகிறவர்களுக்கு எழுதிய கையேட்டில், வெக்கை கடுமையான பகுதிகளில் பேக்கனைப் பெட்டியில் அடுக்கிச் சுற்றிலும் தவிடு கொட்டி வைக்கச் சொல்கிறார். கொழுப்பு உருகி ஒழுகிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. கறி அழுகிவிடுமே என்ற பேச்சு அந்த யோசனையில் இல்லை.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் இது எப்படி நடந்தது என்று கேட்டால், உப்பும் புகையும் என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் பாதி விடை. மே மாதம் வண்டியேறிய பேக்கன், அதற்கு முந்தைய நவம்பரிலோ டிசம்பரிலோ அறுத்த பன்றியிலிருந்து வந்தது. அதே பன்றியை ஜூலையில் அறுத்து, இரண்டு மடங்கு உப்பைத் தடவியிருந்தாலும், அதன் தொடைகள் எலும்போரம் அழுகியிருக்கும். அந்தக் குடியேறிக் குடும்பங்கள் குளிர்சாதனம் இல்லாமல் வாழ்ந்தன என்பது உண்மை. குளிர் இல்லாமல் வாழவில்லை. ஆண்டுக்குச் சில வாரம் மட்டுமே கையில் கிடைத்த குளிரை, உப்பையும் உலர்த்தலையும் கொண்டு மீதி மாதங்களுக்கும் நீட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய திறமை எல்லாம் இந்த நீட்டலில்தான் இருந்தது.

உணவு கெடுவதற்கு நுண்ணுயிர்தான் முதல் காரணம் என்றும், நுண்ணுயிர் வாழ நீர் வேண்டும் என்றும் இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமிக்கு எட்டும் என்பதே முக்கியம். பழ ஜாமில் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீர்தான். இருந்தும் அது கெடுவதில்லை. அந்த நீரைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. இப்படி எட்டும் நீரை அளக்க 1950-களில் ஆஸ்திரேலியாவின் டபிள்யூ. ஜே. ஸ்காட் ஓர் அளவுகோலை உணவியலுக்குள் கொண்டுவந்தார். தூய நீருக்கு 1 என்று வைத்தால், பச்சை இறைச்சிக்கு 0.99. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பிடிவாதக்காரன் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சைகளில் சில 0.61 வரைகூட இறங்கும். பழைய ஹாமின் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையின்) மேல் பச்சையாகப் பூசணம் பூத்திருப்பதும், குடியேறிகள் அதைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டதும் இதனால்தான். உப்பு, சர்க்கரை, வெயில், காற்று எல்லாம் வேறு வேறு வழியாகப் போய் இந்த ஒரே எண்ணைத்தான் கீழே இறக்குகின்றன.

இறக்க நேரம் வேண்டும் என்பதுதான் சிக்கல். அறுத்த பன்றியின் உடல் சூடு ஏறக்குறைய 39 டிகிரி. பின்னந்தொடை ஒன்று பத்து கிலோ வரும், நடுவில் எலும்பு, மேலிருந்து கீழாக அளந்தால் ஐந்தாறு அங்குலம். உப்பை வெளியே தேய்க்கலாம்; உள்ளே அது தானாகத்தான் ஊர்ந்து போக வேண்டும். பரவல் விதிப்படி தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். இன்றைய வேளாண் விரிவாக்கக் கையேடுகள் அந்தக் கணக்கில் இறங்காமல், அங்குலத் தடிமனுக்கு ஏழு நாள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. சாதாரணத் தொடைக்கு அந்தத் தோராயம் போதும். ஆறு அங்குலத்துக்கு ஆறு வாரம். அதுவரை எலும்பை ஒட்டிய சதைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. உடல் சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். உப்புக்கு ஆறு வாரம், கிருமிக்கு ஓரிரவு என்றால் முடிவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் குளிர் வேலை செய்கிறது. வெப்பம் குறைந்தால் உப்பு ஊரும் வேகமும் குறையும், ஆனால் கொஞ்சம்தான். 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு வந்தால், பழைய வேகத்தில் பாதிக்கு மேலாகவே மிஞ்சியிருக்கும். பாக்டீரியா கதை அப்படியில்லை. உடல் சூட்டுக்குப் பழகிய வகைகளில் பல 4 டிகிரியில் வளர்ச்சியை நிறுத்திவிடும். குளிர் தாங்குகிறவைகூட ஒருமுறை இரட்டிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆக, குளிர் இரண்டு பேரையும் தடுக்கிறது, ஆனால் ஒருதலைப்பட்சமாகத் தடுக்கிறது. உப்பு முந்திக்கொள்கிறது. உப்பு எலும்பு வரை போய்ச் சேர்ந்த பிறகு குளிர் தேவையே இல்லை. வசந்தம் வரலாம், கோடை வரலாம். சொல்லப்போனால் கோடை வெக்கையில் இறைச்சியின் சொந்த நொதிகள் புரதத்தை உடைத்து ருசியைக் கூட்டுகின்றன. ஆண்டு முழுவதும் 4 டிகிரி காக்கும் இயந்திரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆறு வாரம் 4 டிகிரி போதுமாக இருந்தது.

பன்றி அறுக்கும் நாளை அவர்கள் அவ்வளவு கவனமாகக் குறித்தது இதனால்தான். முதல் கடுங்குளிர் விழுந்து நிலைத்த பிறகுதான் கத்தி எடுப்பார்கள். அறுத்த இரவே உடல் சூடு முழுதும் இறங்க வேண்டும். அதற்காக இறைச்சியை உறையவிடவும் கூடாது. உறைந்த சதைக்குள் உப்பு ஏறாது. அறுத்த அன்று வீட்டில் நடந்த வேலையின் வரிசையே ஒரு கணக்கு. ஈரலும் விலா எலும்பும் பொறுக்காது. அன்றைக்கும் மறுநாளும் தின்னப்படும், அண்டை வீட்டுக்கும் போகும். துண்டுக் கறியை மசாலா சேர்த்துக் கொத்தி, வட்டமாகத் தட்டிப் பொரித்து, ஜாடியில் அடுக்கி, மேலே உருக்கிய பன்றிக் கொழுப்பை ஊற்றி மூடுவார்கள். அது குளிர்காலம் கழிவதற்குள் தீர்ந்துவிடும். பெரிய தொடைகளும் வயிற்றுப் பகுதியும் உப்புப் பெட்டிக்குள் போகும். நடுவில் டிசம்பரில் நான்கு நாள் வெதுவெதுப்பாக அடித்தால் போயிற்று. பின்னாளில் ஹாம் சோதிப்பவர்கள் மெல்லிய ஊசி ஒன்றை இடுப்பு மூட்டுப் பக்கமாக எலும்பை உரசிக் குத்தி இழுத்து, நுனியை மூக்கருகே கொண்டுபோவார்கள். மேலே தொட்டால் கெட்டியாக, நல்ல நிறத்தில் இருக்கும் தொடைக்குள்ளிருந்து அந்த ஊசி மட்டும் புளித்த நாற்றத்தோடு வரும். உப்பு போய்ச் சேரத் தாமதித்த இடம் அதுதான்.

புகைக்கும் வெடியுப்புக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் பெருமையைச் சற்றுக் குறைக்க வேண்டும், குறைந்தபட்சம் இடம் மாற்றியாவது வைக்க வேண்டும். லாரா இங்கல்ஸ் வைல்டர் 1932-இல் வெளியிட்ட நூலில், விஸ்கான்சின் காட்டில் அவர் தந்தை உள்ளீடற்ற மரத்துண்டு ஒன்றை நட்டு நிறுத்தி, அதற்குள் மான் கறியைத் தொங்கவிட்டு, ஹிக்கரி மரச் சிராய்களால் புகை போட்டது விவரமாக வருகிறது. படிக்க அழகான பக்கங்கள். ஆனால் புகை சதைக்குள் அதிக ஆழம் போவதில்லை. அதிலுள்ள ஃபீனால்களும் அமிலங்களும் மேற்பரப்பில் படிந்து பூஞ்சையையும் கொழுப்பின் காறலையும் தள்ளிப்போடும், ஈ முட்டையிடுவதைத் தடுக்கும், மேல்தோலை உலர்த்தும். அது காவல் வேலை, அதுவும் உள்வேலையை உப்பு முடித்த பிறகு. வெடியுப்பை அவர்கள் நிறத்துக்காகச் சேர்த்தார்கள். கறி சிவப்பாக இருக்கும். உண்மையில் வெடியுப்பிலுள்ள நைட்ரேட்டைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டுக்கு, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமியை அடக்கும் ஆற்றல் உண்டு. நிறம் பார்த்துச் சேர்த்தது உயிரையும் காத்தது. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெசெல் ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர், உப்பில் ஊறிய, சமைக்காத ஹாமைத் தின்றார்கள்; அவர்களில் மூவர் இறந்தார்கள். அந்தத் தொடையிலிருந்துதான் வான் எர்மெங்கெம் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து 1897-இல் அறிவித்தார். உப்பு போதிய அளவு இருந்தால் நஞ்சு உண்டாகாது என்பதையும் அவரே காட்டினார். டிசம்பர் மாதமும் உப்புத் தொட்டியும் இருந்தால் மட்டும் போதாது, உப்பின் செறிவும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சாவு வீடு சாட்சி.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் மறுத்துப் பேசலாம். நம் ஊரில் டிசம்பர் குளிர் எங்கே இருக்கிறது? சித்திரை வெயிலில்தானே கருவாடு போடுகிறோம், உப்புக்கண்டம் கட்டுகிறோம்? நியாயமான கேள்வி, ஆனால் அது மேலே சொன்ன கணக்கை உடைக்கவில்லை, உறுதிதான் செய்கிறது. உப்புக்கண்டத்துக்குக் கறியை விரல் தடிமனுக்கு நறுக்குகிறோம். பெரிய மீனாக இருந்தால் முதுகோடு பிளந்து விரிக்கிறோம். தடிமன் ஆறு அங்குலத்திலிருந்து அரை அங்குலமாகக் குறைந்தால், பரவல் கணக்கில் நேரம் நூற்று நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆறு வாரம் என்பது ஒரு பகல் ஆகிவிடுகிறது. வெயில் நீரை வெளியே இழுக்கும் வேகத்தில் கிருமிக்கு அவகாசமே இல்லை. குளிர் இருக்கும் ஊரில் முழுத் தொடை, வெயில் இருக்கும் ஊரில் மெல்லிய துண்டு. அமெரிக்கச் சமவெளியிலேயே இரண்டும் அக்கம்பக்கமாக இருந்தன. காட்டெருமையைக் கோடையில் வேட்டையாடிய க்ரீ, மேட்டி மக்கள் சதையைத் துணி போல மெல்லிசாகச் சீவி, வெயிலிலும் தணலிலும் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்போடு கலந்து தோல் பைக்குள் திணித்தார்கள். சில சமயம் காட்டுப் பழங்களும் சேரும். பெம்மிகன் எனப்பட்ட அது உப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்றது. ஹட்சன் பே கம்பெனியின் படகோட்டிகள் 90 பவுண்டுப் பைகளாக அதைத்தான் சுமந்து போனார்கள். வெள்ளைக் குடியேறிகளின் கெட்டிக்காரத்தனம் என்று இன்று விற்கப்படும் பலவற்றில், அந்த மண்ணின் பழங்குடிகளிடமிருந்து வாங்கியவை எவ்வளவு என்பது தனியாகப் பேச வேண்டிய கதை. மார்சியின் கையேடும் பெம்மிகன் செய்முறையைச் சொல்கிறது. அதே கையேட்டில் வெண்ணெயைக் காய்ச்சி, நுரையெடுத்து, எண்ணெய் போலத் தெளிந்ததும் தகரப் பெட்டியில் அடைத்து ஈயம் பூசி மூடச் சொல்கிறார். நமக்குச் சிரிப்பு வரும். மனிதர் நெய் காய்ச்சச் சொல்கிறார்.

இன்னொரு மறுப்பு: குளிரைப் பெரிதாகப் பேசுகிறாயே, உப்பில்லாவிட்டால் எல்லாம் வீண்தானே? ஆம், வீண்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களுக்கு உப்பு வரத்து நின்றதும், மக்கள் புகைக்கொட்டில்களின் மண் தரையைத் தோண்டி, பல ஆண்டாகச் சொட்டி ஊறிய உப்பை நீரில் கரைத்துக் காய்ச்சி எடுத்தார்கள். வர்ஜீனியாவின் சால்ட்வில் உப்பாலையை 1864-இல் வடக்குப் படை இரண்டு முறை தாக்கியதும் அதற்காகத்தான். ஆனால் உப்பு தாராளமாகக் கிடைத்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் குளிரின் பங்கு புரியும். சின்சினாட்டி நகரம் 1840-களில் அமெரிக்காவின் பன்றி இறைச்சித் தலைநகரம். பீப்பாய், உப்பு, கூலியாள், ஆற்றுக் கப்பல் எதற்கும் குறைவில்லை. இருந்தும் அங்கே அறுப்பு நவம்பரில் தொடங்கிக் குளிர் முடியும்போது நின்றுவிடும். கோடையில் ஆலைகள் அந்த வேலையைத் தொடுவதே இல்லை. உப்பு மட்டும் போதும் என்றால் இலாபம் பார்க்கும் முதலாளி ஏன் பாதி ஆண்டு சும்மா இருக்கப் போகிறார்? ஏரிப் பனிக்கட்டியைச் சேமித்து அறைகளைக் குளிர்விக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், கோடை அறுப்பு பெரிய அளவில் தொடங்கியது.

காய்கறியில் கதை மாறுகிறது. கிழங்கும் முட்டைக்கோசும் ஆப்பிளும் பறித்த பிறகும் உயிரோடு இருப்பவை, மூச்சு விடுகின்றன. அவற்றை உலர்த்தாமல், கொல்லாமல், மெதுவாக மூச்சுவிட வைப்பதுதான் நிலவறையின் வேலை. இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஆண்டு முழுவதும் சில டிகிரிதான் ஏறி இறங்கும். அதுவும் மேலே நடப்பதற்கு இரண்டொரு மாதம் பிந்தி. உறைபனி மேலே இருக்கும்போது கீழே உறையாது. மேலே வசந்தம் வந்த பின்பும் கீழே குளிர் கொஞ்சம் தங்கும். கேரட்டை ஈர மணலில் புதைப்பார்கள், வாடாமலிருக்க. உருளைக்கிழங்கை இருட்டில் வைப்பார்கள். அதற்கு 4 டிகிரிக்குக் கீழே போனால் மாவுச்சத்து சர்க்கரையாகித் தித்திக்கும். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் கேரட்டைக் கசக்க வைக்கும் என்பதால் இரண்டையும் பிரித்து வைப்பது நல்லது. ஜெர்மன் குடும்பங்கள் முட்டைக்கோசைச் சீவி, நூற்றுக்கு இரண்டு இரண்டரை பங்கு உப்புப் போட்டு அழுத்தி, லாக்டிக் அமில பாக்டீரியாக்களிடம் ஒப்படைத்தன. இந்தப் புளித்த கோசில் வைட்டமின் சி மிஞ்சும்; ஹேஸ்டிங்ஸின் பட்டியலில் அது துளியும் இல்லை. 1849-இல் கலிஃபோர்னியத் தங்கத்தைத் தேடிப் போனவர்களில் பலர் ஸ்கர்வி கண்டு செத்தது வயிறு காய்ந்ததால் இல்லை. கெடாத உணவையே மாதக்கணக்கில் தின்றதால்.

இந்த முறைகள் எதற்கும் பிடிபடாதவை பாலும் கோடைக்காலப் பச்சைக் கறியும். பாலை ஊற்று நீர் ஓடும் கொட்டிலில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். மற்றபடி வெண்ணெயாக்கி உப்பிட வேண்டும். கறிக்கு எளிய வழி, விலங்கை உயிரோடு விட்டுவைப்பது. சில ஊர்களில் பல குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு வீட்டு மாட்டை அறுத்து, முறைவைத்துப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு மாட்டை ஒரு குடும்பம் சேமிக்க முடியாது. பல குடும்பங்கள் இரண்டு நாளில் தின்று தீர்க்கலாம். வசதியிருந்த பண்ணைகள் ஜனவரியில் குளத்துப் பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் புதைத்து ஆகஸ்டு வரை வைத்திருந்தன. இந்த மரத்தூள் வித்தையைத்தான் ஃபிரெடெரிக் டியூடர் என்பவர் வணிகமாக்கி, 1833-இல் கல்கத்தா வரை கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அந்தப் பனிக்கட்டியை வைக்க 1842-இல் கட்டிய கிடங்கு.

பழைய முறையில் பதப்படுத்திய உணவு இயற்கையானது, உடம்புக்கு நல்லது என்ற பேச்சு இங்கேயும் அங்கேயும் உண்டு. உப்பும் புகையும் ஏறிய இறைச்சியைத் தினம் மூன்று வேளை தின்பதை மருத்துவர் எவரும் பரிந்துரைக்க மாட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதிகம் பேரைக் கொன்ற புற்றுநோய்களில் ஒன்று இரைப்பைப் புற்று; பிறகு அது தொடர்ந்து குறைந்தது. வயிற்றுக் கிருமி ஹெலிகோபேக்டர் குறைந்தது ஒரு காரணம். ஃப்ரிட்ஜ் வந்து உப்பிட்ட உணவு குறைந்து பச்சைக் காய்கனி கூடியது இன்னொரு காரணமாகக் கருதப்படுகிறது. ஃப்ரிட்ஜுக்கு முன்பே, ஜான் மேசன் என்பவர் 1858-இல் திருகு மூடிக் கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றதும், பருவத்தைச் சாராத முதல் முறை வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது. குளிருக்குப் பதில் கொதி. பழத்துக்கும் தக்காளிக்கும் அது சரி. அமிலம் குறைந்த பீன்ஸும் கறியும் வேறு ரகம். பாட்டுலினத்தின் வித்துகள் கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தும் சாவதில்லை. அழுத்தக் கொதிகலன்தான் வழி என்று அமெரிக்க வேளாண் துறை சொன்னது 1917-இல். அதுவரை அறுபது ஆண்டுகாலம் கண்ணாடி ஜாடியில் கறியும் பீன்ஸும் அடைத்த வீடுகள் எடுத்த துணிச்சலைவிட, உப்புப் பெட்டியை நம்பிய பாட்டிகள் எடுத்தது குறைவுதான். அவர்கள் முறைக்குப் பல நூற்றாண்டுச் சோதனை இருந்தது.

வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும் இன்றும் ஹாம் தயாராகிறது, ஆண்டு முழுவதும். முதல் அறையில் 2 முதல் 4 டிகிரி. உப்பு தடவிய தொடைகள் அங்கே வாரக்கணக்கில் கிடக்கும். அடுத்த அறையில் 10 முதல் 13 டிகிரி. உப்பு உள்ளே சமமாகப் பரவ. கடைசி அறையில் 24 முதல் 29. அங்கேதான் ருசி ஏறும். டிசம்பர், மார்ச், ஜூலை என்று மூன்று மாதங்களை மூன்று கதவுகளுக்குப் பின்னால் மின்சாரம் நிரந்தரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது.